அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது: சன்ஷேடா, மாடியா, பால்கனியா?

கேள்வி:

வணக்கம். திருவான்மியூரில், கீழே கார் பார்க்கிங், அதற்கு மேல் மூன்று மாடி உள்ள அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். கடற்கரை நடந்து போகிற தூரம்தான். மாமனாருக்கு 78 வயது. அவர் அறைக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கியாகிவிட்டது. அவுட்டோரை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். பொருத்த வந்த தம்பி, மேற்கு ஜன்னலின் சன்ஷேடில் உட்கார வைத்துவிடலாம் என்கிறார். கணவர், மொட்டை மாடிதான் காற்றோட்டம் என்கிறார். எனக்குச் சமையலறையை ஒட்டிய சர்வீஸ் பால்கனிதான் பத்திரமாகத் தோன்றுகிறது. சாரல் அடிக்கிறதே என்று அதைக் கண்ணாடி ஸ்லைடிங் போட்டு அடைத்திருக்கிறோம். இதற்கிடையில் மேற்குப் பக்கத்து வீட்டு அம்மா, "உங்க ஏசி சூடு எங்க ரூமுக்குள்ள வரக் கூடாது, தண்ணியும் சொட்டக் கூடாது" என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார். யூனிட்டுக்கு மேலே தகரம் போட வேண்டுமா என்றும் சொல்லுங்கள். வீட்டின் அமைப்பைக் கையால் வரைந்து இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்:

படம் வரைந்து அனுப்பியது நல்லதாயிற்று. நீங்கள் சொன்ன மூன்று இடங்களையும் விட நல்ல இடம் ஒன்று அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஹால் பால்கனி தெற்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேற்கே, அதை ஒட்டியே மாமனார் அறையின் தெற்குச் சுவர் வருகிறது. அந்தச் சுவரின் வெளிப்பக்கம், பால்கனியில் நின்று கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஸ்டாண்டு அடித்து, காற்று தெருவைப் பார்த்துப் போகும்படி வையுங்கள். என் ஆலோசனை இதுதான். ஏன் என்பதைச் சொல்கிறேன். வீட்டில் மற்றவர்களும் படித்தால் பேச்சு ஒரு முடிவுக்கு வரும்.

முதலில், அந்தப் பெட்டி செய்கிற வேலை என்ன என்று பாருங்கள். அறையில் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஒன்றரை டன் என்றால் மணிக்கு 18,000 பிடியூ, அதாவது சுமார் 5.3 கிலோவாட் சூடு. இதோடு கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் சூடாகித்தான் வெளியே வரும். முழு வேகத்தில் ஓடும்போது ஆறரை, ஏழு கிலோவாட் ஆகிவிடும். குளியலறையில் இருக்கும் கீசர் போல மூன்றை ஒரே இடத்தில் போட்டுவிட்டது மாதிரி. பின்பக்கமும் ஒரு பக்கவாட்டிலும் காற்றை உள்ளே இழுத்து, காயில் என்று சொல்லும் சூடான குழாய்ச் சுருள் வழியாகச் சூடேற்றி, முன்னால் ஃபேன் வழியாகத் தள்ளுகிறது. முன்னால் வரும் காற்று வெளிக்காற்றை விடப் பத்து, பதினைந்து டிகிரி கூடுதலாக இருக்கும். அந்தக் காற்று போனது போனதாக இருக்க வேண்டும். சுற்றிக்கொண்டு பின்பக்கமே திரும்பி வந்தால், தான் விட்ட சூட்டையே யூனிட் மறுபடி இழுக்கும். எந்த இடத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: இங்கே விட்ட காற்று எங்கே போகும்?

இந்தக் கேள்வியில்தான் உங்கள் சர்வீஸ் பால்கனி அடிபடுகிறது. கண்ணாடி போட்டு அடைத்த நான்கடிக்கு ஆறடி இடம் அது. ஸ்லைடிங்கைத் திறந்து வைத்தாலும் பாதிதான் திறக்கும். ஏசி போட்ட கால் மணி நேரத்தில் அந்தப் பால்கனி கொதிக்கும், சூடு சமையலறைக்குள் வரும். ஏசிப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் டன் கணக்கு, வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. சென்னையில் கத்திரி வெயிலில், கடல் காற்று வரத் தாமதமாகும் நாட்களில் 40 சாதாரணமாகத் தாண்டுகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. வெளியே 40 இருக்கும் நாளில் அடைத்த பால்கனிக்குள் யூனிட் இழுக்கும் காற்று 50-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் மின்செலவு சுமார் 2, 3 சதவீதம் ஏறும், குளிர்ச்சி குறையும். ஒரு அளவுக்கு மேல் போனால் கம்ப்ரசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். "மத்தியானம் மட்டும் ஏசி குளிர மாட்டேங்குது, ராத்திரி நல்லா இருக்கு" என்று கூப்பிடுகிற வீடுகளில் ஏசிக்குள் இருக்கும் கேஸைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவுட்டோர் இருக்கும் இடத்தைப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அந்தப் பால்கனியைப் பற்றி இன்னும் ஒன்று. படத்தில் ஓரமாகச் சிலிண்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். அது லேசாகத் தீப்பற்றக் கூடியது, காற்றை விடக் கனமானது; கசிந்தால் தரையோடு தங்கும். சமையல் கேஸும் அப்படியேதான். திறந்த வெளியில் இது பெரிய விஷயமே இல்லை, காற்றோடு போய்விடும். அடைத்த இடத்தில் சிலிண்டரையும் அவுட்டோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அப்புறம், தாளிக்கிற எண்ணெய்ப் புகை காயிலில் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டினால் தண்ணீர் அடித்தாலும் போகாது.

சில வீடுகளில் சர்வீஸ் பால்கனியை விட்டால் வேறு இடமே இருக்காது. அவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கம்பி கிரில் மட்டும் வையுங்கள். யூனிட்டைத் தரையில் வைக்காமல் உயரமான ஸ்டாண்டில், ஃபேன் முழுவதும் கைப்பிடிச் சுவருக்கு மேலே வரும்படி, கிரில்லை ஒட்டி வெளியே பார்த்து வையுங்கள். கைப்பிடிச் சுவரைப் பார்த்து ஊதுகிற அவுட்டோரை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். ஃபேன் சுற்றுகிறது, காற்று சுவரில் முட்டி அங்கேயே நிற்கிறது. கட்டடத்தின் நடுவில் பாத்ரூம்களுக்காக விடும் குறுகலான டக்டும் இதே கதைதான். நான்கு மாடிக்கு நான்கு யூனிட்டை அதில் வரிசையாக மாட்டினால், கீழ் வீட்டுச் சூட்டை மேல் வீடு இழுக்கும். மேல் வீட்டுக்காரர் எவ்வளவு பணம் கொடுத்து எந்த ஏசி வாங்கினாலும் மே மாதத்தில் அவதிதான்.

இப்போது சன்ஷேடுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் காற்று போகுமா என்றால் ஓரளவு போகும். ஆனால் ஐந்தடிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஜன்னல் என்று படத்தில் குறித்திருக்கிறீர்கள். சூடு நேரே அவர்கள் அறைக்குள் போகும். அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதோடு மேற்குச் சுவர். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை வெயில் அதன் மேல்தான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் கவலை வேறு. உங்கள் ஜன்னலில் கம்பி அடித்திருக்கிறது, அதன் வழியாக யாரும் வெளியே போக முடியாது. அந்தத் தம்பி யூனிட்டை எப்படி அங்கே கொண்டு போவார்? மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கிவிட்டு, தானும் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இறங்கி, சன்ஷேடில் கால் வைத்துத்தான். முப்பது முப்பத்தைந்து கிலோ பெட்டி, ஒரு கையில் ஸ்பேனர், இரண்டு மாடி உயரம். அரை மணி நேர வேலை என்று அவர் சொல்வது பழக்கத்தில். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு ஓட வேண்டியிருக்கிறது, பாதுகாப்பு பெல்ட் போட நேரமில்லை, போடச் சொல்ல ஆளும் இல்லை. இந்தத் தொழிலில் இப்படி விழுந்து பிள்ளைகள் சாகிறார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கிற வீட்டுக்காரர் நினைத்தால் அதைத் தடுக்க முடியும்.

பொருத்துவதோடு முடிவதும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் சர்வீஸ், எப்போதாவது கேஸ், ஒரு நாள் ஃபேன் மோட்டார் அல்லது போர்டு. ஒவ்வொரு தரமும் யாரோ ஒருவர் அங்கே இறங்க வேண்டும். இறங்க முடியாத இடத்து யூனிட் என்ன ஆகும் தெரியுமா? வருகிறவர் இண்டோர் ஃபில்டரைக் கழுவிவிட்டு, "அவுட்டோர் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான்கு வருஷம் தண்ணீரே படாத காயிலில் தூசி கம்பளிப் போர்வை கணக்காகப் படிந்து கிடக்கும்.

சன்ஷேடின் பலத்தையும் யோசியுங்கள். மழையும் வெயிலும் உள்ளே வராமல் இருக்கச் சுவரிலிருந்து நீட்டி ஊற்றிய மெல்லிய பலகை அது. ஆள் ஏறி நிற்பதற்காகப் போட்டதல்ல. கடலோரக் கட்டடங்களில் உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், சிமெண்டு வெடித்து உதிரும். கீழேயிருந்து அண்ணாந்து பாருங்கள்: சன்ஷேடின் அடியில் துருக்கறையோ விரிசலோ தெரிந்தால், ஏசி இருக்கட்டும், அதை முதலில் சரிசெய்யச் சொல்லி அசோசியேஷனிடம் கொடுங்கள்.

மொட்டை மாடி யோசனை தப்பு இல்லை. காற்றோட்டத்தில் உங்கள் கணவர் சொல்வது சரிதான். மெக்கானிக் நின்று வேலை செய்யவும் வசதி. மூன்றாவது மாடிக்காரர் கேட்டிருந்தால் நானே மாடி என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு நடுவில் ஒரு மாடி இருக்கிறது. இண்டோரிலிருந்து மேலே போய், கைப்பிடிச் சுவர் ஏறி, யூனிட் வரை எட்டு, ஒன்பது மீட்டர் பைப் ஆகிவிடும். பெட்டியோடு வருவது பெரும்பாலும் மூன்று மீட்டர். மீதிக் காப்பருக்குத் தனியாகப் பணம். கம்பெனியில் நிரப்பி அனுப்பும் கேஸ் ஒரு குறிப்பிட்ட நீளம் வரைதான் போதும். அதற்கு மேல் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எடை பார்த்துச் சேர்க்க வேண்டும். எடை மெஷின் கொண்டு வருகிறவர்கள் குறைவு. பைப் நீள நீளக் குளிர்ச்சியிலும் கொஞ்சம் போகும். வெயிலில் கிடக்கும் பைப்பின் ஸ்பாஞ்சும் டேப்பும் இரண்டு கோடையில் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும், பிவிசி குழாய்க்குள் விட்டால்தான் நிற்கும். ஆளில்லாத மாடிகளில் காப்பர் பைப்பை வெட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது. ஒருவேளை மாடிதான் என்று முடிவானால், தளத்தில் துளை போட்டு போல்ட் அடிக்க விடாதீர்கள். ஓடு பதித்து வாட்டர்புரூஃப் செய்த தளத்தில் ஒரு துளை போதும், அடுத்த ஐப்பசியில் மூன்றாவது மாடி வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரியும். கனமான கான்கிரீட் கட்டைகளின் மேல் ஸ்டாண்டை வைத்து, யூனிட்டை அதில் போல்ட் போட்டு இறுக்கினாலே போதும்.

இனி, தெற்குச் சுவர் ஏன் என்பதற்கு வருகிறேன். பொதுவாக எல்லோரும் "அவுட்டோரை வடக்குப் பக்கம் வையுங்கள், அங்கேதான் நிழல்" என்பார்கள். டெல்லிக்கும் அதற்கு மேலேயும் அது சரி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு உச்சியைத் தாண்டி வடக்கே சாய்ந்துதான் போகிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். தெற்குச் சுவரில் நேர் வெயில் விழவே விழாது. நம்பிக்கை இல்லையென்றால் மே மாதம் பத்து மணிக்கு உங்கள் தெற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் அங்கே வெயில் வரும், அப்போது ஏசி அதிகம் ஓடாது. ஆக, எந்த நாட்களில் யூனிட் அதிகம் திணறுமோ, அந்த நாட்களில் அதற்கு நிழல். ஆனால் நிழலுக்காக மற்றதை விட்டுவிடக் கூடாது. பெட்டியின் மேல் வெயில் படுவதால் வரும் நஷ்டம் கொஞ்சம்தான், காற்று சுற்றி வருவதால் வரும் நஷ்டம்தான் அதிகம். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே இடத்தில் கூடி வந்திருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் வரும் கடல் காற்று உங்கள் பக்கம் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். தெற்குப் பார்த்த ஃபேனுக்கு அது குறுக்காகப் போய், வெளியே வந்த சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். கிழக்குப் பார்த்து வைத்தால் காற்று ஃபேனின் முகத்திலேயே அடித்து எதிர்க்கும். வடகிழக்குப் பருவமழை எதிர்ப்பக்கத்திலிருந்து அடிப்பதால் சாரலும் குறைவு. எதிரே தெரு, யார் வீட்டு ஜன்னலும் இல்லை. இன்னொன்று: யூனிட்டை நேரே பார்த்து நின்றால் பைப் மாட்டும் வால்வுகள் வலது பக்கம் இருக்கும். பெரும்பாலான மாடல்களில் அப்படித்தான். உங்கள் தெற்குச் சுவரில் வலது பக்கம் என்பது கிழக்கு, அதாவது பால்கனிப் பக்கம். மெக்கானிக் பால்கனித் தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டே வால்வைத் திறக்கலாம், கேஜ் மாட்டலாம், காயிலுக்குத் தண்ணீர் அடிக்கலாம். இண்டோரையும் அதே சுவரின் உள்பக்கம் மாட்டினால் பைப் மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும், கூடுதல் செலவு இல்லை.

ஸ்டாண்டு அடிக்கும்போது இடைவெளிகளைப் பாருங்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாணாவது வேண்டும், ஓர் அடி இருந்தால் நிம்மதி. காற்று இழுக்கும் இடது பக்கம் ஓர் அடி. வால்வு பக்கம் இரண்டு அடி. உங்களுக்கு அது திறந்த பால்கனி என்பதால் கவலை இல்லை. முன்னால் எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் மாடலுக்கான அளவு பெட்டியோடு வந்த புத்தகத்தில் படமாகவே இருக்கும். வருகிறவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். கடலிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் சாதாரண இரும்பு ஸ்டாண்டு, மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும், வெல்டிங் இடத்திலும் போல்ட் துளையிலும் முதலில் துருப்பிடிக்கும். கீழே தெருவில் ஆட்கள் நடக்கும் இடம் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டாண்டு கிடைக்கிறது. குறைந்தபட்சம், உருக்கிய துத்தநாகத்தில் முக்கி முலாம் பூசியதாவது வேண்டும். போல்ட், நட், வாஷர் எல்லாமே ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். ஆங்கர் போல்ட்டைக் கூடியவரை கான்கிரீட் பீமில் அடிக்கச் சொல்லுங்கள். செங்கல் சுவர் என்றால் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் நன்றாக இறங்க வேண்டும். உங்கள் கட்டடம் புதியது, வெள்ளைக் கல் என்று சொல்லும் ஏஏசி பிளாக்கில் கட்டியது என்றால் சாதாரண ஆங்கர் பிடிக்காது. சுவரின் உள்பக்கம் வரை நீளமான போல்ட் விட்டு, பின்னால் பட்டைத் தகடு வைத்து இறுக்க வேண்டும். ஸ்டாண்டு மாட்டியதும், யூனிட்டை ஏற்றுவதற்கு முன்னால், அதில் கை ஊன்றித் தொங்கலாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் இல்லாமல் விடாதீர்கள். இல்லையென்றால் அதிர்வு சுவர் வழியாக மாமனார் கட்டில் வரை கேட்கும்.

உப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை, வடக்கே திருவொற்றியூர் என்று கடலோரம் முழுக்க ஏசி சீக்கிரம் சாவது இதனால்தான். காயிலில் குழாய் செம்பு, அதன் மேல் வரிசையாக இருக்கும் மெல்லிய தகடு அலுமினியம். இரண்டு வேறு உலோகம் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். தகடு போனால் செம்பு குளிர வழியில்லை. நீல நிறப் பூச்சு போட்ட காயில் கொஞ்சம் தாங்கும், ஆனால் உப்பைக் கழுவினால்தான் அதுவும் நிற்கும். மாதம் ஒரு முறை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உப்பில்லாத நல்ல தண்ணீரை, குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, காயில் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். உப்பான போர் தண்ணீர் வேண்டாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். பால்கனியிலிருந்து நீங்களே செய்யலாம், மெக்கானிக்குக் காத்திருக்க வேண்டாம். எட்டுகிற இடத்தில் வையுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

கூவம் ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் இருப்பவர்களுக்கு வேறு தொல்லை. சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பையே கறுக்க வைத்து, ஊசி முனை அளவில் ஓட்டை போடும். ஒவ்வொரு கோடையிலும் கேஸ் இறங்குகிறது என்றால் அங்கே இது ஒரு காரணம். கால்வாய்க்கு எதிர்ப்பக்கச் சுவரில் வைப்பது கொஞ்சம் உதவும். வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி இடங்களில் தரைத் தளத்தில் இருப்பவர்கள், 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த அளவுக்கு வந்ததோ அதற்கு மேலே ஸ்டாண்டை அடிக்க வேண்டும். உங்களுக்கு இந்த இரண்டும் இல்லை.

பறவையைச் சொல்லாமல் விடக் கூடாது. யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி புறாவுக்கு அருமையான வீடு. எச்சம் காயிலில் விழுந்தால் அதுவும் அரிக்கும். இதற்காக யூனிட்டைச் சுற்றி நெருக்கமான வலை கட்டுவார்கள். அதில் தூசி அடைந்து காற்றே போகாது. மேல் இடைவெளியில் மட்டும் புறா முள் பட்டை வையுங்கள், முன்பக்கத்தைத் தொடாதீர்கள். அழகுக்காகப் பெட்டி போல மூடும் கூண்டுகளும் வேண்டாம். வயர் நுழையும் ஓட்டைகளைப் புட்டியால் அடைக்கச் சொல்லுங்கள். பல்லி உள்ளே போய் போர்டில் குறுக்கே விழுந்து ஷார்ட் ஆவது இந்த ஊரில் அடிக்கடி நடக்கிறது, இன்வெர்ட்டர் போர்டு விலை சொன்னால் தலை சுற்றும்.

பக்கத்து வீட்டு அம்மா கேட்ட தண்ணீர் விஷயம். சொட்டுகிற தண்ணீர் அவுட்டோரிலிருந்து வருவது இல்லை. அறைக் காற்றில் இருக்கும் ஈரம் இண்டோரில் குளிர்ந்து தண்ணீராகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி கூட வரும். ட்ரெயின் பைப்பை வெளியே தொங்கவிட்டால்தான் அக்கம்பக்கத்தில் சண்டை. உங்களுக்குப் பால்கனி பக்கத்திலேயே இருப்பதால், பைப்பை எங்கேயும் மேலேறாமல் ஒரே சரிவாகக் கொண்டு வந்து பால்கனித் தண்ணீர்ப் போக்கில் விட்டுவிடுங்கள். வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம். குடிக்க மட்டும் கூடாது. மேற்குப் பக்கம் சூடும் போகாது, தண்ணீரும் போகாது என்று அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். வெளிச் சுவர் எல்லோருக்கும் பொது என்பதால் அசோசியேஷனிடம் இடத்தைக் குறித்து எழுதி, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

பொருத்தும் நாளன்று இரண்டு விஷயம் மட்டும் கூட நின்று பாருங்கள். பைப் மாட்டியதும் வேக்கம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும், பதினைந்து இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். கேஸைக் கொஞ்சம் திறந்து "புஸ்" என்று காற்றைத் தள்ளிவிட்டு முடிப்பது பழைய பழக்கம், ஆர்-32-க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, ஸ்டாண்டை மாட்டக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே போக வேண்டி வந்தால், கீழேயிருந்து சாரம் கட்டியோ, பெல்ட் போட்டுக் கயிற்றைத் தூணில் கட்டியோதான் போக வேண்டும். பெல்ட் இல்லை என்றால் அன்றைக்கு வேலை வேண்டாம், நாளைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். மாமனார் இன்னும் ஒரு ராத்திரி ஃபேனில் படுத்துக்கொள்வார்.

ஓட ஆரம்பித்த பிறகு இடம் சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றை, மத்தியானம் ஏசி அரை மணி நேரம் ஓடியபின், யூனிட்டின் பின்பக்கம் நூலில் தொங்கவிடுங்கள். பிறகு அதையே பால்கனியின் மறு ஓரத்தில், நிழலில் தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் என்றால் நல்லது. நான்கைந்துக்கு மேல் போனால் சூடு எங்கேயோ சுற்றி வருகிறது என்று அர்த்தம். பக்கத்தில் காயப்போட்ட போர்வையோ, மேலே தாழ்வாகத் தொங்கும் படுதாவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாகத் தகரம் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவுட்டோர் மழையில் நனைவதற்காகவே செய்தது, பிளாஸ்டிக் போட்டு மூடுவதும் தேவையில்லை. மேல் வீட்டிலிருந்து குப்பையோ தொட்டித் தண்ணீரோ விழுகிறது என்றால் மட்டும், யூனிட்டைத் தொடாமல் ஓர் அடி மேலே, சுவரில் தனியாகப் பிடித்த சிறிய ஃபைபர் ஷீட் போட்டுக்கொள்ளலாம்.